மாம்பழத் தொலைக்காட்சி

சீன தேசத்திலே ஹுனான் என்றொரு மாகாணம் உண்டு. நெல்லும் மீனும் மலிந்த நாடு. உணவின் காரத்துக்கும் பெயர் பெற்றது. மா சே துங் பிறந்த மண்ணும் அதுவே. கடலோரப் பட்டினங்களின் செல்வச் செழிப்பு இந்த உள்நாட்டு மாகாணத்துக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அதன் தலைநகராகிய சாங்ஷாவில் எழுந்த தொலைக்காட்சி நிலையம் ஒன்று, சீனமெங்கும் வீடுதோறும் புகுந்துவிட்டது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இவ்வாரம் காண்போம்.

1997ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஹுனான் தொலைக்காட்சி செய்மதி வழியே நாடு முழுவதற்கும் ஒளிபரப்பத் தொடங்கியது. பெய்ஜிங்கிலுள்ள மத்திய தொலைக்காட்சியின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலம் அது. மாலை 7 மணிக்கு அதன் செய்தியை மாகாண நிலையங்களும் ஒளிபரப்புதல் வேண்டும். செய்தியிலும் உபதேசத்திலும் பெய்ஜிங்கை வெல்லுதல் இயலாது. ஹுனானார் சிரிப்பையும் பாட்டையும் நாடினர். அவ்வாண்டிலேயே தோன்றிய 'மகிழ்ச்சிப் பாசறை' என்னும் நிகழ்ச்சி இளைஞரைக் கவர்ந்தது. நிலையத்தின் இலச்சினை மாம்பழம் போலத் தோன்றியமையால், மக்கள் அதற்கு 'மாம்பழத் தொலைக்காட்சி' என்றே செல்லப் பெயரிட்டனர்.

அதன் புகழ் உச்சியை எட்டியது 2005ஆம் ஆண்டிலாகும். முந்திய ஆண்டு தொடங்கிய பெண்களுக்கான பாட்டுப் போட்டியை, மெங்நியூ என்ற பால் நிறுவனத்தின் பொருளுதவியுடன் ஐந்து நகரங்களில் விரிவாக நடத்தினர். பாட விரும்பிய பெண் எவளும் வரலாம். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர்! நடுவர் மாத்திரமன்றி, வீட்டிலிருந்து பார்ப்போரும் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி மூலம் வாக்களித்தனர். தாயும் மகளும் வெவ்வேறு பாடகியரின் கட்சியில் நின்று வாதாடிய வீடுகள் எத்தனையோ!

ஆகஸ்ட் 26ஆந் திகதி இறுதிப் போட்டியில் வென்றவர் செங்டு நகரத்து மாணவி லீ யூச்சுன். குறுகக் கத்தரித்த கூந்தல், ஆண்மகனையொத்த உடை, தாழ்ந்த குரல். பழைய இலக்கணப்படி அவரை நட்சத்திரம் என எவரும் சொல்லியிரார். அவருக்குக் கிடைத்த வாக்குகளோ 35 இலட்சத்துக்கும் அதிகம். ஒருவரே பல வாக்குகள் அனுப்பலாமாதலின் இதனைத் தேர்தல் என்று கூறுதல் மிகையே. எனினும், தமக்குப் பிடித்தவரைத் தாமே தெரிந்தெடுக்கும் இன்பத்தை மக்கள் சுவைத்துவிட்டனர்.

அதிகாரிகள் இதனை விரும்பவில்லை. மத்திய தொலைக்காட்சியைச் சேர்ந்தோர் இழிசுவை என்று பழித்தனர். நல்லிசை கேட்டுப் பழகிய செவிக்கு அக்குற்றச்சாட்டில் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் தடை விழுந்தது பாட்டின் மீதன்று, வாக்கின் மீது. 2007ஆம் ஆண்டில், இத்தகைய போட்டிகளில் தொலைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் வெளியார் வாக்களித்தல் விலக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டுடன் அப்பெண்கள் போட்டியும் திரையை விட்டு அகன்றது. மறு ஆண்டு முதல் இரவு நேரத்துக் களியாட்ட நிகழ்ச்சிகளுக்கும் வரம்பு இடப்பட்டது.

நிலையமோ தளரவில்லை. 2013இல் கொரியாவிலிருந்து உரிமை பெற்று, தந்தையர் தம் மழலைகளுடன் கிராமங்களுக்குச் செல்லும் நிகழ்ச்சியை அளித்தது. சமைக்கவும் தலைவாரவும் அறியாத தந்தையர் பட்ட பாட்டைக் குடும்பங்கள் கூடியிருந்து ரசித்தன. மறு ஆண்டு, தன் நிகழ்ச்சிகளைத் தன் சொந்த இணையத் தளத்திலன்றி வேறெங்கும் தருவதில்லை என்று அறிவித்தது. அத்தளத்தின் பெயரும் மாம்பழமே.

'மகிழ்ச்சிப் பாசறை' 2021இல் நின்றது. 2022 ஜனவரியில் அவ்விடத்தில் வேறொரு பெயருடன் புது நிகழ்ச்சி தோன்றியது. அதனை நடத்த வந்தவர், பழைய பாசறையை நெடுங்காலம் நடத்திய அதே ஹெ ஜியோங்!