எட்டு மேசையும் ஒரு பியூனும்

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் கம்ப்யூட்டர் என்றதும் எனக்கு 'ஒர்தினாத்தேர்' என்ற சொல்தான் முதலில் வரும். 1955இல் பிரான்சில் இருந்த ஐபிஎம் கம்பெனி கேட்டதற்கு, லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துகிறவர் என்று பொருள். ஆங்கிலேயன் அந்த இயந்திரத்தைக் கணக்குப்பிள்ளை என்றான், பிரெஞ்சுக்காரன் அடுக்கி வைப்பவன் என்றான். முப்பத்தைந்து வருடம் காகிதம் அடுக்கியவனுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

போன மாதம் பேரன் லீவில் வந்திருந்தான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருடம். ஒரு கோடி எண்களை வரிசைப்படுத்தும் புரோகிராம் எழுதியிருந்தான். அவன் மெஷினில் எட்டு கோர். அதாவது ஒரே பெட்டிக்குள் எட்டு குமாஸ்தாக்கள். "ஒரு கோர் செய்யறதைவிட எட்டும் சேர்ந்து செஞ்சா லேட்டாகுது தாத்தா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கூத்தை நான் 1983இல் பார்த்தவன்.

அப்போது ஒரு வேலைக்குச் சுமார் 12,000 விண்ணப்பங்கள் வந்திருந்தன. பெயர் வரிசைப்படி அடுக்க எட்டுப் பேரைப் போட்டார்கள். ஆளுக்கு 1,500. முதல் யோசனை: அவரவர் கட்டை அடுக்கிவிட்டு, இரண்டிரண்டு கட்டாகச் சேர்த்துக்கொண்டே போவது. எட்டு நாலாகி, நாலு இரண்டாகும். கடைசிச் சேர்க்கையில் ஒருவர் மட்டும் 12,000 தாளையும் புரட்டுவார், மற்ற ஏழு பேரும் டீ குடிப்போம். சேர்ப்பதற்கு மட்டுமே 3,000, 6,000, 12,000 என்று ஒன்றன்பின் ஒன்றாக 21,000 தாள் புரட்டும் நேரம். பத்தில் ஒரு பங்கு வேலையை ஒருவரே செய்தாக வேண்டும் என்றால் ஆயிரம் பேரைப் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்கர் 1967லேயே சொன்ன கணக்கு இது. எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த யோசனை, மேசைக்குச் சில எழுத்துகள். தன் எழுத்து இல்லாத தாள் கையில் வந்தால் பியூனைக் கூப்பிட்டு உரிய மேசைக்கு அனுப்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள், எட்டில் ஏழு தாள் வேறு மேசைக்குப் போகவேண்டியவை. பத்தாயிரத்துக்கு மேல். எங்கள் பியூனுக்கு ஐம்பது வயதுக்கு மேலே. "அண்ணே, இங்க!" "அண்ணே, அங்க!" என்று எட்டுப் பக்கமும் கூப்பிட்டோம். இதற்கிடையில் எஸ், ஆர் எழுத்துகள் விழுந்த மேசையில் தாள் மலைபோலக் குவிந்தது. வேறு மேசைகளில் ஈ ஓட்டினார்கள்.

மூன்றாம் நாள் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி பியூனுக்கு மெமோ கொடுத்தார்.

பேரனின் புரோகிராமும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் பொதுவான ஒரு பட்டியலில் உடனுக்குடன் எழுதும்படி செய்திருந்தான். ஒரு கோர் எழுதும்போது மற்ற ஏழும் வாசலில் நிற்கும். அவன் பாடப்புத்தகத்தில் பிராம் என்று ஒரு மாதிரி இருக்கிறது, 1978இல் வந்தது. எத்தனை பேர் பொது பீரோவில் கைவிட்டாலும் ஒரு கூட்டல் போடும் நேரம்தான் ஆகும் என்று அதில் வைத்துக்கொள்கிறார்கள். நிஜ மெஷினில் முதன்மை நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துவர, கூட்டல் போடுவதைப்போல நூறு மடங்கு நேரமும் ஆகலாம். அந்த மாதிரி வீண் என்று நான் சொல்லவில்லை. எந்த வேலையைப் பிரிக்க முடியும் என்று கண்டுபிடிக்க உதவும். ஆனால் அதில் பியூன் இல்லை.

பியூனையும் கணக்கில் சேர்த்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டின் லெஸ்லி வாலியன்ட். 1990இல் அவர் எழுதியது இது: அவரவர் மேசையில் வேலை செய்யுங்கள், பிறகு மொத்தமாகப் பரிமாறுங்கள், எல்லோரும் முடிக்கும்வரை காத்திருங்கள், அப்புறம் அடுத்த சுற்று. அதிக வேலை உள்ள மேசைக்கு ஆகும் நேரம், தாள் சுமக்கும் செலவு, காத்திருக்கும் செலவு, மூன்றையும் கூட்டினால்தான் உண்மையான நேரம். மாணவர்களுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லவேண்டும் என்பது என் கட்சி. பேரனுக்கு அது கடைசி அத்தியாயத்தில், பரீட்சைக்கு வராத பகுதியில் இருந்தது.

எங்கள் ஆபீசில் அதே வழியைச் சொன்னவர் மெமோ வாங்கிய பியூன்தான். "ஒவ்வொண்ணா கூப்பிடாதீங்க சார். மேசைவாரியா எட்டெட்டுக் கட்டாப் பிரிச்சு வைங்க, ஒரே நடையாப் போட்டுடறேன்" என்றார். ஒரு மேசையிலிருந்து ஏழு கட்டு, ஆக மொத்தம் 56 கட்டு, அவ்வளவுதான். எழுத்துப் பங்கீட்டை மட்டும் நான் சரிசெய்தேன். ஒவ்வொரு கட்டிலிருந்தும் இருபது தாளை அங்கங்கே உருவி, அந்த 160ஐயும் அடுக்கி, இருபதுக்கு ஒன்றாக எல்லை குறித்தேன். எஸ்ஸை இரண்டு மேசைக்குப் பிரிக்க வேண்டி வந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்தது.

பேரனும் அப்படியே மாற்றி எழுதினான். நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. எட்டில் ஒன்று ஆகவில்லையே என்று அவனுக்குக் குறை. சுமக்கும் கூலி எங்கே போகும் என்றேன்.

வேலை சீக்கிரம் முடிந்ததற்கு மேலதிகாரி என்னைப் பாராட்டினார். யோசனை யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மெமோ அப்படியே பியூனின் சர்வீஸ் ஃபைலில் கிடந்தது. அதை டைப் அடித்தவன் நான்தான்.