தம்லுக் மண்ணின் சாட்சி

கரக்பூர் கோட்டத்தில் வேலை பார்க்கும் நமக்குத் தம்லுக் ஒரு ஸ்டேஷன் பெயர். பான்ஸ்குரா–ஹால்தியா பாதையில் வண்டி நிற்கும் ஊர். அந்த ஊரின் அடியில்தான் பழைய தாமிரலிப்தித் துறைமுகம் புதைந்து கிடக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் அங்கிருந்துதான் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். பின்னர் ஆற்றில் வண்டல் மேவியது, துறைமுகம் அழிந்தது.

1954–55இல் மத்தியத் தொல்பொருள் துறை தம்லுக்கில் தோண்டியது. கொல்கத்தாவுக்கு வடகிழக்கே, வித்யாதரி ஆற்றங்கரைச் சந்திரகேதுகரில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகத்தார் 1956 முதல் பத்தாண்டுக்கு மேல் தோண்டினர். இரண்டு இடங்களிலும், உள்பக்கம் வட்ட வட்டமாகக் கோடு பொறித்த மெல்லிய மண்தட்டின் ஓடுகள் கிடைத்தன. அதே வகைத் தட்டு 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் வெளிப்பட்டது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வங்கக் கரையும் தமிழ்க் கரையும் உறவாடியதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

கழிமுகத்தின் மண்ணே ஆறு எங்கிருந்தோ சுமந்து வந்த மண். ஆறு திசை மாறியபோதெல்லாம் மனிதனும் இடம் மாறினான். நம்மை 'வெளியூர்க்காரன்' என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் இந்தச் சாட்சி நாளுக்கு நாள் அழிகிறது. குளம் வெட்டும்போதும் செங்கல்லுக்கு மண் எடுக்கும்போதும் வெளிப்படும் சுடுமண் பொம்மைகள் வியாபாரி கைக்குப் போகின்றன, ஓடுகள் மிதிபடுகின்றன. எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பது தெரியாத பொம்மை, தேதி குத்தாத டிக்கெட். அழகாக இருக்கலாம், கணக்கில் சேராது.

இரயில்வேக்காரர்களுக்கு இதில் பழைய கடனும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் பாதை போட்டவர்கள் ஹரப்பாவின் செங்கற்களை உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். அந்தத் தவறு கழிமுகத்தில் நடக்கக் கூடாது.

பாதையோ சாலையோ போடுமுன் தொல்லியலார் குழாய் இறக்கி மண்ணடுக்கைப் பார்க்க வேண்டும். பழம்பொருளைக் கண்டு சொல்லும் கூலியாளுக்குப் பரிசு தர வேண்டும். அவன் பெயர் அறிக்கையில் ஏற வேண்டும். வெறுங்கையோடு அனுப்பினால் அவன் வியாபாரியைத்தான் தேடுவான்.

நம் தோழர்களும் மண்வேலை நடக்கும் இடத்தில் ஓட்டைக் கண்டால் கையில் எடுக்காமல், இடத்தைக் குறித்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணின் சாட்சி போய்விட்டால், கோஷம் போடுகிறவன் சொல்வதே சரித்திரம் ஆகிவிடும். அதன் நஷ்டம் முதலில் நமக்குத்தான்.