மணலா, ஆப்ப சோடாவா?

மதுரை வட்டாரக் கோயில்களில் கல்தூண்மேல் சுண்ணாம்பும் பெயின்ட்டும் ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதை எடுக்கத் தமிழகக் கோயில்கள் பலவற்றில் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சினார்கள். பெயின்ட்டோடு கல்வெட்டு எழுத்தும் தேய்ந்தது. அறநிலையத் துறை அதற்குத் தடை போட்டது.

மணலுக்குப் பதில் ஆப்ப சோடாவைப் பீய்ச்சும் முறையும் உண்டு. வைரத்தின் கடினம் 10 என்றால் மணலுக்கு 7, சோடாவுக்கு 2.5தான். 1980-களில் நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் உட்புறத் தாரை இப்படித்தான் எடுத்தார்கள். அதிலும், சோடா இடுக்கு வழியே கசிந்து வெளிப்புறச் செம்பின் நிறத்தை மாற்றிவிட்டது.

வீட்டு இரும்பு கேட்டில் பழைய பெயின்ட்டை எடுக்க சோடா சரி. ஆழமான துரு போகாது. நன்றாகக் கழுவாவிட்டால் புதுப் பெயின்ட் பிடிக்காது. பக்கத்துச் செடியும் கருகும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கும் கல்தூணுக்கும் மட்டும் சோடாவும் வேண்டாம். உப்பு உள்ளே இறங்கினால் மேற்பரப்பு பொரிந்து உதிரும்.