தீனி போட்டால் பறவை ஊர் திரும்பாதா?

ஓரிக்கையில் தறி ஓடும் வீடுகள் சிலவற்றில், மாடியில் ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் இருக்கும். காக்கை, குருவிக்கு வைப்பது. நல்ல காரியம்தான். ஆனால் வெளிநாட்டுப் பறவைகளுக்கும் இப்படித் தீனி போட்டால் என்ன ஆகும்? ருசி கண்டுவிட்டு, ஊர் திரும்ப மறந்துவிடுமா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. ஓசனிச்சிட்டு என்று ஒரு குருவி. எடை 3 கிராம்தான்! நம் தேன்சிட்டு போலத் தேன் குடிக்கும். அதற்காக மக்கள் தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடுகிறார்கள். குளிர் வருமுன் அது தெற்கே போயாக வேண்டும். புட்டியை எடுக்காவிட்டால் அங்கேயே தங்கிச் செத்துவிடும் என்று பலருக்குப் பயம்.

பயம் வேண்டாம் என்கிறார்கள் பறவை நிபுணர்கள். வழியில் பசியாறப் புட்டி உதவுமாம்.

கொக்குகளுக்கு விருந்து

அவ்வளவு தூரம் போவானேன்? ராஜஸ்தானில் கீச்சன் என்று ஒரு கிராமம். குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து ஆயிரக்கணக்கான கொக்குகள் வருகின்றன. ஊர்க்காரர்கள் "குர்ஜா" என்கிறார்கள். வேலியடைத்த திடலில் தானியம் கொட்டி வைப்பார்கள். மூட்டை மூட்டையாக! பல பத்து ஆண்டுகளாக இந்த விருந்து நடக்கிறது. 2025ல் கீச்சன், உலகம் மதிக்கும் நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

விருந்து ஒருபுறம் இருக்க, மார்ச் வந்தால் கொக்குகள் கிளம்பிவிடுகின்றன. தானியம் தடுக்கவில்லை!

ஏன்? பறவையின் கடிகாரம் வயிற்றில் இல்லை. பகல் பொழுது நீள்வதும் குறுகுவதும்தான் அதற்கு மணி அடிக்கிறது. வலசை போகும் சிறு பறவைகளைக் கூண்டில் அடைத்து வயிறார ஊட்டினாலும், அந்தப் பருவத்தில் இரவெல்லாம் சிறகடித்துத் தவிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஜெர்மனிப் பக்கத்துக் கருந்தலைச் சிட்டு குளிருக்கு ஸ்பெயின் பக்கம் போகும். சென்ற 60 ஆண்டுகளில் அவற்றில் ஒரு பகுதி இங்கிலாந்து போகப் பழகிவிட்டது. அங்கே வீட்டுத் தோட்டங்களில் தீனி கிடைப்பது ஒரு காரணம். அவையும் வசந்தத்தில் ஊர் திரும்பத் தவறுவதில்லை.

ஆபத்து எங்கே?

அழுக்குத் தட்டில்! கூட்டமாகத் தின்றால் நோய் பரவும். இங்கிலாந்தில் 2005க்குப் பிறகு பச்சைச் சிட்டுகள் இப்படிப் பெருவாரியாக மடிந்தன. காசியில் படகில் போவோர் கடற்காகங்களுக்குக் காராச்சேவு வீசுகிறார்கள். புண்ணியம் என்று நினைப்பு! உப்பும் எண்ணெயும் பறவைக்கு ஆகாது.

ஓரிக்கை மாடிச் சட்டி இருக்கட்டும். தினமும் கழுவித் தண்ணீர் மாற்றினால் போதும். பாசி பிடித்த சட்டியில் நாம் குடிப்போமா?

வேடந்தாங்கல்காரர்கள் வழி இன்னும் சுலபம். தீனியே போடுவதில்லை. மீனைப் பறவை தானே தேடிக்கொள்கிறது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். ஊரார் கொடுப்பது அமைதி ஒன்றுதான். தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச் சத்தம் இல்லை.