பெட்டியில் வரும் நத்தார்

சென்ற நத்தாருக்கு முதல் நாள் பேசாலையில் உறவினர் வீடொன்றில் இருந்தேன். கனடாவிலிருந்து வந்த பொதியைப் பிரித்தார்கள். எலுமிச்சை வாசனையுள்ள கேக் கலவைப் பெட்டி ஒன்று, அடித்தால் நுரைக்கும் கிறீம் தூள் உறைகள், தாளொன்றில் செய்முறை. கலவை, நுரை, ஒரு முட்டை. மூன்றையும் சேர்த்து உருண்டைகளாக்கி, ஐசிங் சீனியில் புரட்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வெதுப்பினால் குக்கி. பேத்தி அரைமணி நேரத்தில் முடித்துவிட்டாள். பொய் சொல்வானேன், நானும் நான்கு தின்றேன்.

அந்த வீட்டில் வேறு பலகாரம் எதுவும் செய்யப்படவில்லை. “இனி ஆர் அண்ணன் அடுப்படியில நிண்டு வேகிறது?” என்றார் வீட்டுக்காரி. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அடுப்படியில் வெந்தவர்கள் பெண்களே. பெருமை பேசியவர்கள் நாங்கள்.

ஆகவே, பண்பாடு அழிகிறது என்று முழங்குவோருடன் நான் சேரமாட்டேன். போத்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியது 1560இல். நத்தார், பாண், விசுக்கோத்து, போறணை யாவும் அவர்கள் மொழி வழியாக வந்த சொற்கள். நாம் பழம்பெருமை பேசும் பனங்காய்ப் பணியாரத்தில் சேரும் கோதுமையும் கப்பலில் வருவதே. வந்தவற்றையெல்லாம் விலக்கினால் நம் குசினியில் பாதி வெறுமையாகிவிடும்.

என் குற்றச்சாட்டு வேறு. பாணையும் விசுக்கோத்தையும் நாம் செய்யக் கற்றோம். பெட்டியைப் பெற்றுக்கொள்ள மட்டுமே கற்றிருக்கிறோம்.

அந்தப் பெட்டி பிறந்த கதையைப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டஃப் என்னும் நிறுவனத்திடம் கரும்புப் பாகு விற்காமல் மீந்து கிடந்தது. அதை மாவுடன் சேர்த்து உலர்த்தித் தூளாக்கி 1933இல் காப்புரிமை பெற்றார்கள். நீர் விட்டால் போதும் என்றிருந்த கலவையில், முட்டையை வீட்டுப் பெண்களே புதிதாகச் சேர்க்கட்டும் என்ற மாற்றத்தை 1935இல் செய்தார்கள். 1966இல் வந்த ‘கூல் விப்’ என்னும் நுரைக் கிறீமில் முதன்மையானவை நீரும் சோளப்பாகும் ஐதரசனேற்றிய தாவர எண்ணெயுமே. மலிவாக மிகுந்து கிடந்ததைக் கெடாத பண்டமாக்கி உலகெங்கும் விற்றார்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

மன்னாரில் மிகுந்து கிடப்பது எது? ஆவணியில் மடுத் திருவிழாவுக்குச் சனம் போகும் காலத்தில் தீவெங்கும் பனம்பழம் விழுகிறது. பொறுக்குவார் இன்றி மணலில் கிடந்து அழுகுகிறது; மாடு சூப்பியது போக மிச்சம் ஈக்களுக்கு. நம் முன்னோர் அதை அப்படி விடவில்லை. களியைப் பிழிந்து, பாயில் படைபடையாக ஊற்றி, வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கினார்கள். டஃப் நிறுவனம் காப்புரிமை பெறுவதற்கு வெகுகாலம் முன்பே உலர்த்தும் கலை நம் கையில் இருந்தது.

களி கைக்கும் என்பர். அந்தக் கைப்புக்குக் காரணமான பொருளை இலங்கை ஆய்வாளர்கள் எப்போதோ இனங்கண்டுவிட்டார்கள். கைப்புக் குறைந்த மரம் எது என்பதை ஊர்க் கிழவிகள் அதற்கும் முன்பே அறிவார்கள். பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கியது. கைதடியில் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. பனங்களியில் செய்த ஜாமும் பானமும் விற்பனையில் கண்டிருக்கிறேன். ஆனால் ‘ஒரு முட்டை சேர், உருட்டு, வெதுப்பு’ என்று எழுதிய பனங்களிக் கலவைப் பெட்டியை மன்னார்க் கடை எதிலும் நான் கண்டதில்லை.

2022ஐ மறந்துவிட்டோமா? அந்நியச் செலாவணி தீர்ந்தது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. அந்த ஆண்டும் பனம்பழம் தவறாமல் விழுந்தது.

புலம்பெயர்ந்த வாசகர்களே, பெட்டி அனுப்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளின் வாயில் மண்ணைப் போட எனக்கு மனமில்லை. ஆனால் பொதிக்கும் கப்பற்கூலிக்கும் ஆண்டுதோறும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, போரில் துணை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் களி உலர்த்தும் கொட்டில் ஒன்றுக்கு முதலாக இடுங்கள். தருமமாக வேண்டாம், வியாபாரமாக இடுங்கள்.

பேசாலையில் செய்த பெட்டி ஒன்று வரட்டும். முதல் பெட்டியை நானே காசு கொடுத்து வாங்கிக் கனடாவுக்கு அனுப்புகிறேன்.