வக்கீலுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

சாத்தான்குளத்துப் பக்கத்தில் ஐந்து சென்ட் தேரி மண்ணை வாங்க நினைப்பவர் முதலில் செய்கிற காரியம் என்ன? வில்லங்கம் பார்ப்பது. விற்கிறவர் சொந்தச் சித்தப்பாவாகவே இருக்கட்டும்; "நம்பிக்கை இருக்கிறது, ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்" என்றுதான் சொல்லுவார். சித்தப்பாவும் கோபித்துக்கொள்வதில்லை. முன்பெல்லாம் அதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இன்று வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்த்துவிடலாம். நிலம் எப்போது அடமானம் போனது, எப்போது மீண்டது என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

பிறகு அதே நிலத்தின் பேரில் ஒரு வழக்கு வருகிறது. பத்திரம், பட்டா, கையெழுத்திட்ட வக்காலத்து, மனைவியின் வளையலை விற்ற பணம், எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அந்த வக்கீலுக்கு வில்லங்கம் உண்டா என்று எங்கே போய்ப் பார்ப்பது? டீக்கடையிலா? கோர்ட்டு வாசலில் நிற்கும் தரகனிடமா?

தவறு செய்யும் வக்கீலைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் இருக்கிறது. புகாரை மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். குழுவில் மூன்று பேர், மூவரும் வக்கீல்கள். அவர்கள் கண்டித்து விடலாம். சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம். பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். கண்டனமோ நிறுத்திவைப்போ ஆனால், அதை வக்கீல் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எழுதிவைக்க வேண்டும் என்று 41-ஆவது பிரிவு சொல்லுகிறது. ஆக, வில்லங்கப் பதிவேடு ஒன்று உண்டு. சட்டமே அதை எழுதச் சொல்லியிருக்கிறது. கட்சிக்காரர் கண்ணில் படும்படி வைப்பதுதான் இல்லை. பார் கவுன்சில் இருப்பது சென்னை ஹைக்கோர்ட்டு வளாகத்தில். நம் சாத்தான்குளத்துக்காரருக்கும் அதற்கும் நடுவே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது.

எப்போதாவது செய்தித்தாளில் ஒரு பெயர் வரும். மறுநாள் அந்தத் தாள் மிளகாய் வற்றல் பொட்டலமாகிவிடும்.

கதை எழுதுகிறவன் கற்பனை செய்யத் தயங்குகிற ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். சென்னையில் காது கேளாத ஒரு முதியவர். அவர் தரப்பில் 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமாக இரண்டு புரோநோட்டுகள். வழக்குப் போடும்படி ஒரு வக்கீலிடம் ஒப்படைத்தார்கள். வழக்குப் போட்டாகிவிட்டது என்று அவர் சொன்னார். வாய்தா இருக்கிறது என்றார். உண்மையில் வழக்கே போடவில்லை, நோட்டுகள் காலாவதியாகிவிட்டன. மாநிலக் குழு அவரை ஆறு ஆண்டுகள் நிறுத்திவைத்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. 1978 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கிருஷ்ணய்யர், குற்றத்தை உறுதி செய்து, இழந்தவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யவும் நிபந்தனை போட்டு, நிறுத்திவைத்த காலத்தை இன்னும் குறைத்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது? அந்த வக்கீல் டில்லி வரை அப்பீல் போனார். அதனால் சட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஏறிவிட்டது. சென்னையோடு தண்டனையை ஏற்றுக்கொண்டு அடங்கியிருந்தால் எனக்கும் தெரிந்திராது, உங்களுக்கும் தெரிந்திராது. அவரிடம் அடுத்த நோட்டைக் கொண்டுபோகிற முதியவருக்கும் தெரிந்திராது.

"பொய்ப் புகாரால் நல்லவர் பெயர் கெடுமே" என்று ஆட்சேபிக்கிறார்கள். புகாரை வெளியிடச் சொல்லவில்லை. விசாரித்து, குற்றம் என்று முடிவான பிறகு தீர்ப்பை வெளியிடுங்கள் என்கிறேன். "திருந்தியவனை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவதா?" என்கிறார்கள். தண்டனை எப்போது முடிந்தது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். மீட்ட அடமானத்தை வில்லங்கச் சான்று மீட்டதாகத்தானே காட்டுகிறது?

"தண்டனையே அநியாயமாக இருந்தால்?" என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. அப்படியும் நடந்திருக்கிறது, இந்தத் தூத்துக்குடிச் சீமையிலேயே. 1908-இல் ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. தம் வக்கீல் சன்னதை இழந்தார். சிறையிலிருந்து வந்தபின் அது திரும்பக் கிடைக்க வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவினார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் பிள்ளை. காந்தியடிகளின் பெயரை 1922-இல் லண்டன் இன்னர் டெம்பிள் நீக்கியது. 1988-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஊரறிய அடித்த பெயரை ஊரறியத் திரும்ப எழுத முடிந்தது. இருட்டில் செய்த அநியாயத்தை யார் வந்து திருத்துவார்கள்?

வேறு நாடுகளில் இது புதிதல்ல. கலிபோர்னியாவில் ஒரு வக்கீலின் பெயரைத் தேடினால் அவர் பெற்ற பகிரங்கத் தண்டனையும் கூடவே வரும். இங்கிலாந்தில் பாரிஸ்டர்கள் மீது நிரூபணமான குற்றங்களை வெளியிடுகிறார்கள். அங்கெல்லாம் வக்கீல் தொழிலின் கௌரவம் கப்பலேறிவிடவில்லை.

பதிவு அழிந்தால் என்ன ஆகும் என்பதைச் சாத்தான்குளத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2020 ஜூனில், தந்தையும் மகனுமாகிய இரண்டு வணிகர்கள் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? நிலையத்துக் காமிராவில் இடம் தாராளமாக இருந்தும், பதிவு அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். கைவிலங்கு பூட்டும் அதிகாரத்துக்குச் சாட்சி வேண்டும் என்று அன்று வக்கீல்களும் சேர்ந்துதானே முழங்கினார்கள்? வக்காலத்து வாங்கும் அதிகாரத்துக்கு மட்டும் அது வேண்டாமா?

தொழில் குற்றத்துக்காக ஒரு வக்கீலின் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கே உரியது, எங்களுக்குங்கூட இல்லை என்று 1998-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அப்படியானால் திறந்துகாட்டும் கடமையும் பார் கவுன்சிலுடையதுதான். நேர்மையாகத் தொழில் செய்யும் வக்கீல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவனுடைய களவுக்காக இன்று ஊர் அவர்கள் எல்லோரையும் ஏசுகிறது. அந்த ஏச்சிலிருந்து அவர்களைக் காப்பாற்றக்கூடியது அந்தப் பதிவேடு ஒன்றுதான். அதைத் திறக்கச் சொல்லி அவர்கள் அல்லவா முதலில் கேட்க வேண்டும்?