முதல்ல பேசுறவன் மாட்டுவான்!

வைவாவுக்கு முதல் ரோல் நம்பரா போயிருக்கீங்களா பாஸ்? எக்ஸ்டர்னல் என்ன மூடுல இருக்கார்னே தெரியாம உள்ளே போகணும். அடுத்து வர்றவன் உங்ககிட்டயே கேள்வியைக் கறந்துட்டு ஜம்முனு போவான். போக்கர்ல ‘எர்லி பொசிஷன்’னா அதேதான்.

தருமபுரியில எங்க ரூம்ல காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ரோட்டோரம் பூரா புளியமரம் இருக்கிறப்ப சில்லறைக்கா பஞ்சம்? ஆளுக்கு ரெண்டு சீட்டு. அப்புறம் நடுவுல மூணு சீட்டைத் திறப்பாங்க. அதான் ஃப்ளாப்.

உங்க கையில ஏஸும் ராஜாவும். முதல் ஆளா ஏத்திட்டீங்க, மூணு பேர் கூடவே வந்துட்டாங்க. ஃப்ளாப்ல 9, 8, 7. உங்களுக்கு ஒண்ணும் ஒட்டலை. கெத்தை விடாம, நடுவுல சேர்ந்திருக்கிறதுல பாதியைத் தூக்கி வைக்கத் தோணும்.

நில்லுங்க! ஜோடியில்லாத ரெண்டு சீட்டுக்கு ஃப்ளாப்ல எதுவும் ஒட்டாம போற சான்ஸ் சுமாரா மூணுல ரெண்டு. எதிர்ல ஒருத்தன்னா பரவாயில்லை. மூணு பேரும் காலியா இருக்க 2/3-ஐ மூணு தடவை பெருக்கணும். 8/27. நூத்துக்கு 30 கூட வரலை. பாதி வச்சு மிரட்டுறவனுக்கு 33 தடவையாவது எல்லாரும் ஓடினாத்தான் கட்டுப்படியாகும். அதுவும் 9-8-7, பின்னாடி இருக்கிறவங்களுக்குன்னே செஞ்ச ஃப்ளாப். ‘செக்’ சொல்லிட்டு வேடிக்கை பாருங்க.

ராஜா-7-2ன்னு வந்தா கதையே வேற. முதல் ஆளா ஏத்தினவன்கிட்ட பெரிய சீட்டு இருக்கும்னு எல்லாருக்கும் பயம். மூணுல ஒரு பங்கு வைங்க; நூத்துக்கு 25 தடவை ஓடினாலே போதும். நல்ல கையிலயும் அப்பப்ப செக் சொல்லுங்க. இல்லேன்னா நீங்க செக் சொன்னாலே காலின்னு மோப்பம் பிடிச்சிடுவாங்க.

இந்தக் கணக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் என் ரூம்மேட். பேர் வேணாம்னான், பாலக்கோடு பக்கம். 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொன்னப்ப ஹாஸ்டலே அதிர ஆடினான். அடுத்த வருஷம், அப்பா தக்காளி வித்து அனுப்பின ஃபீஸை ஒரு ஆப்ல போட்டான். யார் ஜெயிச்சாலும் ஆப் கமிஷன் எடுக்கும்கிறது மட்டும் அவன் நோட்டுல இல்லை. ஒன்பதே நாள்.

திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல காசு வச்சு ஆடுறதே கூடாதுன்னு 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் போட்டுச்சு. அவனுக்கு அது ரொம்ப லேட். அக்கா கம்மலை அடகு வச்சு ஃபைனோட ஃபீஸ் கட்டினாங்க. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

நேத்து ராத்திரியும் எனக்கு ஏஸ்-ராஜா, ஃப்ளாப்ல 9-8-7. செக் சொன்னேன். பின்னாடியிருந்து அவன் அம்பது கொட்டையைத் தள்ளினான்.

சீட்டைக் கவுத்துட்டேன்.